மறுதொடக்கமும் மறுபிறப்பும்

ரூட்டர், ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றுக்குள் இயங்கும் சிறு கணினிகள் முடங்கி மீண்டும் தொடங்கும்போது ரேம் நினைவகம் முழுதும் வெறுமையாகிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மின்சாரம் அறுபடாமல் மென்பொருள் மட்டும் மறுபடி தொடங்கினால், ரேமில் இருந்தவை பெரும்பாலும் அப்படியே கிடக்கும். புதிதாக எழும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, மேலே எழுதும்போதுதான் அவை அழியும். ஒரு பகுதியைத் தொடக்கூடாதென்று கெர்னலுக்கு முன்பே விதித்துவிட்டால், முந்தைய ஓட்டத்தின் பதிவு அடுத்த ஓட்டத்துக்குக் கிடைக்கும். ப்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இந்த வழியில் அமைந்தது. 2011இல் லினக்ஸில் சேர்ந்த பிஸ்டோர், கெர்னல் முடங்கும் தறுவாயில் விட்டுச்சென்ற கடைசிச் செய்திகளை அடுத்த தொடக்கத்தில் கோப்புகளாகக் காட்டுகிறது.

இதில் புதிய கெர்னலுக்குப் பழைய ஓட்டம் எதுவும் நினைவில் இல்லை. பதிவு இருக்கிறது, அதை அது படிக்கிறது. படிக்குமுன், அந்தப் பகுதியின் தலைப்பில் உரிய அடையாளக் குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறது. குறி பொருந்தாவிட்டால் அந்த இடம் வெற்றிடமாகவே கொள்ளப்படும்.

நினைவு போனபின் பதிவு மட்டும் எஞ்சினால், முன்பிருந்தவரும் இப்போதிருப்பவரும் ஒருவர்தானா? பிறவிகளைப் பற்றி இந்தியச் சமயங்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி இது. பிறந்த குழந்தை கற்பிக்காமலே பால் தேடுவதை நியாய சூத்திரம் சான்றாக்குகிறது: முன்பிறவிப் பழக்கம் தொடர்கிறது, ஆகவே அதைத் தாங்கிவந்த ஆன்மா ஒன்று உண்டு. பௌத்தம் இந்த முடிவை ஏற்பதில்லை. ஒரு கணம் அடுத்த கணத்தைத் தோற்றுவிக்கும் தொடர்ச்சியே போதும், தாங்குபவர் வேண்டியதில்லை என்பது அதன் விடை. கணினியைப் பொறுத்தவரை பௌத்தத்தின் விடையே பொருந்துகிறது என்பதை மறுக்க முடியாது.

தமிழ்ச் சைவம் இந்தக் கேள்வியைக் கதையாகவே வைத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, கயிலையில் இறைவனுக்குத் தொண்டு செய்த ஆலாலசுந்தரர் மண்ணில் நம்பியாரூரராகப் பிறக்கிறார். கயிலை அவர் நினைவில் இல்லை. திருமணப் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் வந்து, ஆரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டுகிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான். மூலவோலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவருகிறது. பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்ட அவையோர் அது மெய்யென்று தீர்க்கிறார்கள். கடைசிவரை ஆரூரருக்கு எதுவும் தானாக நினைவுக்கு வரவில்லை. வந்தவர் யாரென்று காட்டி, முன்பு நீ நம் தொண்டன் என்று இறைவனே உணர்த்தியபின்தான் அவர் அறிகிறார். அவரைப் போலவே கயிலையிலிருந்து வந்த அநிந்திதை சங்கிலியாராகப் பிறந்து, கடலோரத் திருவொற்றியூரில் அவரை மணக்கிறார். பிரியேன் என்று மகிழமரத்தடியில் செய்த சபதத்தை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் ஆரூரர் பார்வை இழக்கிறார். மாசிப் பெருவிழாவில் அந்தச் சபதம் மகிழடி சேவையாக இன்றும் நடத்தப்படுகிறது.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் வகுக்கும் சைவ சித்தாந்தக் கொள்கை இக்கதையோடு இசைகிறது. வினை சடம், செய்தவரைத் தானே தேடிச் சேரும் அறிவு அதற்கில்லை. உயிருக்கும் தன் பழவினை தெரியாது. இரண்டையும் அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன். ஓலையும் ஆரூரரிடம் இருக்கவில்லை, இறைவனிடமே இருந்தது. தொடர்ச்சியின் பொறுப்பை நினைவிடமிருந்து எடுத்து இறைவனிடம் வைப்பதே சித்தாந்தத்தின் வலிமை. மறந்துவிட்டவரைத் தண்டிப்பது நீதியா என்ற தடைக்கு, வினைப்பயன் தண்டனை அன்று, உயிரின் அழுக்காகிய மலத்தை நீக்கும் மருந்து என்று அது மறுமொழி தருகிறது. மருந்து வேலை செய்ய, நோய் வந்த நாள் நினைவிருக்க வேண்டியதில்லை. தாங்க முடியாத துயரில் இருப்பவருக்கு இந்த விடை போதாது என்பதும் உண்மையே.

ஒப்புமை முறிவதும் இங்கேதான். பிஸ்டோரின் பதிவைப் படிக்கும் கெர்னலுக்கு அதனால் இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. உயிரோ பதிவின் பயனை அனுபவிக்கிறது. அந்த அனுபவம் யாருடையது என்று கேட்க இடமிருப்பதால்தான் சித்தாந்தம் உயிரைத் தனிப்பொருளாகக் கொள்கிறது.

பதிவு என்றென்றும் நிற்பதுமில்லை. சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதம் குருவின் தீக்கையால் எரிகிறது, இப்பிறவியில் பயன்தரும் பிராரத்தம் உடலோடு அனுபவித்துக் கழிகிறது, புதிதாகச் சேரும் ஆகாமியம் ஏறாமல் தடுக்கப்படுகிறது.