கட்டணமும் கடமையும்

கோடை விடுமுறை தொடங்கியதும் வீட்டில் கலகலப்பு பெருகுகிறது. கூடவே மின் செலவும் பெருகுகிறது. பள்ளி நாட்களில் பகலெல்லாம் வெறுமையாகக் கிடந்த அறைகளில் இப்போது மின்விசிறி சுழல்கிறது, தொலைக்காட்சி ஒலிக்கிறது, ஃபிரிட்ஜின் கதவு அடிக்கடி திறக்கப்படுகிறது. "ஆளில்லாத அறையில் விசிறி எதற்கு?" என்று தாய் கடிந்துகொள்கிறாள். "நாம்தான் பணம் கட்டுகிறோமே, அம்மா!" என்கிறான் மகன்.

இந்தப் பதில் சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. பெரியவர்கள் பலர் வாய்விட்டுச் சொல்லாமல் கடைப்பிடிக்கும் கொள்கையைத்தான் சிறுவன் வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். விலை கொடுத்த ஒருவருக்கு, அப்பொருளை வீணாக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறதா?

இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. கட்டணம் செலுத்தினால் கடன் தீரும். எரிந்த நிலக்கரி மீண்டும் பூமிக்குத் திரும்பாது. எழுந்த புகையும் மறையாது. மேலும், மின்சாரம் பெரும்பாலும் தேவைப்படும் அந்தந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். கடும் வெப்பம் நிலவிய 2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 கிகாவாட்டை எட்டியது. அத்தகைய வேளையில் ஒரு வீட்டின் வீண்செலவு அவ்வீட்டோடு நிற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒன்றின் மீது சுமையாகிறது. ஆகவே, பணம் தருவது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. வீணாக்கும் உரிமையை அன்று.

இதைக் குழந்தைக்கு எப்படி உணர்த்துவது? "பில் ஏறிவிடும்" என்ற அச்சம் போதாது. வசதி வந்த நாளில் அந்த அச்சம் போய்விடும். அதோடு சிக்கனமும் போய்விடும். காரணத்தை விளக்குவதே நல்வழி. மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி மனிதருக்குக் குளிர்ச்சி தருகிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை. 75 வாட் விசிறி ஒன்று நாள்தோறும் 8 மணி நேரம் வீணாகச் சுழன்றால் 0.6 யூனிட் செலவாகும். 40 நாள் விடுமுறையில் அது 24 யூனிட். இக்கணக்கைக் குழந்தையே போடட்டும். தினமும் காலையில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பையும் அதனிடமே கொடுக்கலாம். கண்காணிக்கப்படும் குழந்தை ஒளிந்து செய்யும். பொறுப்பேற்ற குழந்தை தானே எழுந்து சென்று சுவிட்சை அணைக்கும்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. புழுக்கத்தில் தவிக்கும் பாட்டியின் அறையில் விசிறியை நிறுத்துவது சேமிப்பன்று, இரக்கமின்மை. தேவைக்குத் தயங்காமல் தருவதும், தேவையற்றதைத் தயங்காமல் நிறுத்துவதும் ஒரே பண்பின் இரு பக்கங்கள். பகலில் எல்லோரும் ஒரே அறையில் கூடிப் படித்தும் விளையாடியும் பொழுதைக் கழித்தால், ஒரு விசிறியே பலருக்குப் பயன்படும், உறவும் வளரும்.

இவை அனைத்திற்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு. பிள்ளையைக் கடிந்த தந்தை, யாரும் பார்க்காத தொலைக்காட்சியை ஓடவிட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அறிவுரை அங்கேயே முடிந்துவிடும். குழந்தைகள் செவியால் கற்பதைவிடக் கண்ணால் கற்பதே அதிகம். விடுமுறை முடியும்போது சேமித்த யூனிட்டுகள் சிலவாகவே இருக்கலாம். ஆனால் பிறர் சொல்லாமலே, வெறுமையான அறையின் விளக்கை அணைத்துவிட்டு வரும் கை ஒன்று அவ்வீட்டில் உருவாகியிருக்குமானால், அதுவே அவ்விடுமுறையின் பெரும் சேமிப்பு.