சிவந்த பனி

1818 ஆகஸ்டில், வடமேற்குக் கடல்வழி தேடிப் போன ஜான் ராஸ் கிரீன்லாந்தின் கேப் யார்க் அருகே பனிச்சரிவுகள் சிவந்திருக்கக் கண்டார். அந்தச் சிவப்பு ஒரு பாசியுடையது. குளிர்காலம் முழுக்க அது பனிக்கடியில் உறங்கிக் கிடக்கும். உருகுநீர் கசிந்ததும் பச்சைச் செல்களாக நீந்தி மேலே வரும். கோடை வெயிலைத் தாங்கச் சிவப்பைப் போர்த்திக்கொள்ளும். வெண்பனி வெயிலைத் திருப்பியனுப்பிவிடுகிறது. சிவந்த பனியோ அதை வாங்கிக்கொண்டு உருகுகிறது. உருகினால்தான் பாசிக்கு நீர். ஓர் உருகுபருவத்தில் பனியின் ஒளித்திருப்பும் திறன் இப்பாசியால் 13 சதவீதம் குறைகிறது என்று ஆர்க்டிக் பனியாறுகளைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

வங்கியில் கணக்குப் பார்க்கிறவன் நான். இதை முதலைத் தின்பது என்போம். ஆனாலும் பாசியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. அதற்குத் தெரியாது என்பதாலா? அப்படியானால் குற்றம் அறிவிலிருந்து பிறக்கிறது. தீங்கு பிறப்பதற்கு வெறும் பிழைப்பே போதும். முன்பு பாசி கரைத்ததைக் குளிர்காலம் திரும்ப வரவு வைத்தது. இன்று கிரீன்லாந்தில் பற்று வரவை மிஞ்சுகிறது. மிஞ்சச் செய்தவர்கள் நாம், தெரிந்தே.

அறிவு விடுதலை தரும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அது பொறுப்பைத் தந்தது, கையைத் தடுக்கவில்லை. இதை எழுதும்போது தலைக்கு மேல் சுழலும் மின்விசிறிக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது. நான் எழுந்து அதை நிறுத்தவில்லை. பாசிக்கும் எனக்கும் வித்தியாசம் நான் இதை எழுதுகிறேன் என்பது மட்டும்தானா? அப்படியானால் எழுத்தும் போர்த்திக்கொள்ளும் சிவப்புத்தான். அது போர்த்தியவனைக் காக்கிறது. பனி உருகிக்கொண்டிருக்கிறது.