வலிக்கு முன் வரும் அறிவு

வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் தம் உரைநடை நூலில் இரக்கம் பிறக்கும் தருணங்களாக மூன்றைக் குறிக்கிறார்: உயிர்கள் துன்புறுவதைக் காண்பது, அதைக் கேட்பது, அத்துன்பம் வரவிருப்பதை அறிவது. முன்னிரண்டும் எவருக்கும் எளிதில் விளங்குவன. மூன்றாவதோ, கண்ணீரும் முனகலும் இல்லாத இடத்தில் மனம் உருக வேண்டும் என்கிற கடினமான கோரிக்கை. சென்னையின் தென்புறநகர்க் குழந்தைகளின் பல் சொத்தை இக்கோரிக்கையை நேராக முன்வைக்கிறது.

வாயில் தங்கும் சர்க்கரையை நுண்ணுயிரிகள் அமிலமாக்க, எனாமல் எனப்படும் பல்லின் கடினமான மேலுறையிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும்போது, மேல் முன்பற்களில் ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெண்கோடு தோன்றுகிறது. எச்சில் ஈரத்தில் அது எளிதில் புலப்படாது; குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கி, மெல்லிய துணியால் பல்லைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும். குழி விழாத இந்நிலையில் வலி இல்லை. பல்லில் பூசப்படும் ஃபுளோரைடு வார்னிஷும் இனிப்பைக் குறைத்தலும் கரைந்த தாதுக்கள் மீளப் படிய உதவுவதால், சொத்தையைப் பெரும்பாலும் இங்கேயே நிறுத்தவும் முடியும்.

பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. முன்பற்களுக்கு அது ஓரளவு பொருந்தினாலும், பின்கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை நின்று சோற்றை மென்றாக வேண்டியவை. அடிகள் பசியையும் கொலையையும் நீக்கும் இரக்கத்தை மேலானதாகவும், பிணி முதலியவற்றை நீக்குவதை அதற்கு அடுத்ததாகவும் வகுக்கிறார். ஆனால் தட்டில் சோறிருந்தும் மெல்ல முடியாமல் ஒதுக்கும் குழந்தையிடம் பிணியே பசியாகிவிடுவதால், அவர் வகுத்த வரிசைப்படியே இச்சொத்தை முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

துன்பம் முன்வினைப் பயனென்றால் அதை நீக்குவது இறைவன் ஆணைக்கு மாறாகாதா என்ற தடையை அடிகளே எழுப்பி, கொடிய குற்றவாளிக்கும் அரசன் சிறையில் உணவளிப்பதைக் காட்டி மறுக்கிறார். இன்று அதே தடை, தாயின் கவனக்குறைவு என்னும் உருவில் திரும்பி வருகிறது. நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டு பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்குப் பள்ளிக்கரணையின் பல் மருத்துவக் கல்லூரி தொலைவானதன்று. ஒரு நாள் கூலியை இழப்பதுதான் தொலைவு. வலி வருமுன் அந்த இழப்பை ஏற்காத தாயைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் 2013இல் தொடங்கப்பட்டது முதல், அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க நடமாடும் மருத்துவக் குழுக்கள் பணிக்கப்பட்டுள்ளன. அவர்கள் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் நோயும் உண்டு. எனினும், சிகிச்சைக்கு வழியின்றி நோயைத் தேடலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968இல் வகுத்த நெறிகளில் ஒன்று. அறிந்தவர் அறிந்ததோடு நின்றால் அந்த அறிவு குழந்தைக்குப் பயன்படாது. ஆகவே தாம்பரம் முதல் செம்மஞ்சேரி வரை பல் முகாம் நடத்துவோர், வெண்கோடு கண்ட குழந்தைக்கு அதே அங்கன்வாடியில், அதே வேளையில் வார்னிஷ் பூசிய பிறகே அதன் பெயரை ஏட்டில் எழுத வேண்டும்.