கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர்கள்

ஜனநாயகத்தில் மக்கள் அபிப்பிராயமே மேல் என்று சொல்லிக்கொள்கிறோம். நல்லது. ஆனால் அந்த அபிப்பிராயம் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று நாம் விசாரிப்பதில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஏழு தலைமுறையை விசாரிக்கிற நாம், மனத்தில் குடிவருகிற எண்ணத்தை மட்டும் விலாசம் கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறோம். ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்று நான் சொல்லும்போது, நினைப்பது நான்தானா?

இது பொழுது போகாதவர்களின் வேதாந்தக் கேள்வி அல்ல. ஒரு நாட்டின் இரும்பும் நிலக்கரியும் இதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2010-ஆம் ஆண்டு நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

அந்த நாட்டில் பூமிக்கடியில் உள்ள தாதுக்கள் பெரும்பாலும் தோண்டுகிற கம்பெனிக்குச் சொந்தமல்ல; மாநில அரசாங்கங்களின் பெயரில் பொதுமக்களுக்குச் சொந்தம். (அவர்களுக்கும் முன்னால் அங்கே வாழ்ந்துவரும் ஆதிகுடிகளின் உரிமை தனி வழக்கு, இதைவிடப் பெரிய வழக்கு.) கம்பெனிகள் தோண்டி எடுத்து, டன்னுக்கு இவ்வளவு என்றோ, விற்ற விலையில் இவ்வளவு என்றோ ராயல்டி கொடுக்கும். ராயல்டி என்ற சொல் எழுத்தாளனுக்குப் புதிதல்ல. அது எவ்வளவு மெலிந்த சொல் என்பதும் அவனுக்குத் தெரியும்.

சீனாவில் ஆலைகள் பெருகின. இரும்புத் தாதுவின் விலை சில ஆண்டுகளில் பல மடங்கு ஏறியது. நம் ஊர்களில் ஏரி மீனைக் குத்தகைக்கு விடுவதை நினைத்துப் பாருங்கள். குத்தகை எடுத்தவர் வலை போடுகிறார், ஆள் வைக்கிறார், நஷ்டத்துக்கும் துணிகிறார். அவருக்கு லாபம் வேண்டியதுதான். ஆனால் மீன் விலை திடீரென்று நாலு மடங்கு ஏறினால், அந்த ஏற்றம் அவர் வலையின் திறமையா? ஏரிக்குச் சொந்தமான ஊர், ‘எங்களுக்கும் அதில் ஒரு பங்கு’ என்று கேட்பது பேராசையா?

பிரதமர் கெவின் ரட் 2010 மே மாதம் 2-ஆம் தேதி அதைத்தான் கேட்டார். போட்ட முதலுக்கு ஒரு சாதாரண வருமானத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேற்பட்ட லாபத்தில் நூற்றுக்கு 40 வரி. மாநிலங்களுக்குக் கட்டும் ராயல்டியை மத்திய அரசாங்கம் திருப்பித் தந்துவிடும். நஷ்டம் வந்தால் அதிலும் நூற்றுக்கு 40 அரசாங்கத்தின் பொறுப்பு. முதல் இரண்டு ஆண்டுகளில் 1,200 கோடி டாலர் கிடைக்கும் என்பது கணக்கு.

கம்பெனிகள் விளம்பரத்தில் இறங்கின. தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் ஒரே பேச்சு: வேலை போய்விடும், முதலீடு வேறு நாட்டுக்கு ஓடிவிடும், நீங்கள் ஓய்வுகாலத்துக்குச் சேர்த்த பணம் கரைந்துவிடும். ஜூன் மாதம் பெர்த் நகரில் வரியை எதிர்த்து ஒரு கூட்டம். அந்நாட்டின் பெரும் செல்வர்களான ஜீனா ரைன்ஹார்ட்டும் ஆண்ட்ரூ ஃபாரஸ்டும் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று கோஷம் போட்டார்கள். லாரியின் மேல் நின்று உரிமைக்குக் குரல் கொடுப்பது தொழிலாளியின் வழக்கம் என்றுதான் நாம் நினைத்திருந்தோம்.

மே 2-ஆம் தேதி அறிவித்த பிரதமர் ஜூன் 24-ஆம் தேதி பதவியில் இல்லை. அவர் விழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் சுரங்கத்தின் தலையில் போடுவது நியாயமல்ல. அடுத்து வந்த ஜூலியா கில்லார்ட் மூன்று பெரிய கம்பெனிகளுடன் உட்கார்ந்து பேசி, சில நாட்களில் வேறொரு வரிக்கு உடன்பட்டார். இரும்புக்கும் நிலக்கரிக்கும் மட்டும். பேருக்கு நூற்றுக்கு 30, கழிவு போக 22.5. அது 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு மாதத்தில் வசூலானது 12 கோடியே 60 லட்சம் டாலர். 2014-இல் அதையும் ரத்துச் செய்துவிட்டார்கள்.

கம்பெனிகளின் பிரசாரச் செலவு சுமார் 2 கோடியே 20 லட்சம் டாலர் என்பது 2011 பிப்ரவரியில் ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் பிரதமர் மாறியிருந்தார், வரி மாறியிருந்தது, பொதுத் தேர்தலும் முடிந்திருந்தது. எதிர்பார்த்த வரியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லாத செலவு. இதை நல்ல வியாபாரம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அந்தப் பணமும் எங்கிருந்து வந்தது? அந்த மக்களின் மண்ணிலிருந்து எடுத்த தாதுவிலிருந்துதான். ஊர் ஏரியின் மீனை விற்ற காசில், ‘ஊருக்குப் பங்கு கேட்காதீர்கள்’ என்று ஊருக்கே தமுக்கு அடித்தார்கள்.

இங்கே கம்பெனிக்காரரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தன் பையில் கை வைக்க வருகிறவனிடம், ‘வைக்காதே’ என்று சொல்ல எவனுக்கும் உரிமை உண்டு. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. தன் கட்சியை எடுத்துச் சொல்ல மக்கள் வரிப்பணத்திலிருந்து சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலரை ஒதுக்கியது. ஆகவே ‘பணம் பேசக் கூடாது’ என்று ஒரே வார்த்தையில் சட்டம் போட்டால், முதலில் யாருடைய வாய் அடைபடும் என்று சொல்ல முடியாது.

மக்களை ஏமாளிகள் என்பதும் எனக்குச் சம்மதமில்லை. வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிக்க, மாதச் சம்பளம் நின்றுபோன வீட்டை அறியாதவனால்தான் முடியும்.

பின்னே பிழை எங்கே? நான் கதை எழுதுகிறவன். வாசகரை அடுத்த பக்கத்துக்கு இழுக்கும் வித்தை எனக்குக் கொஞ்சம் தெரியும். அவருக்குப் பதிலைச் சொல்லக் கூடாது. கேள்வியைக் கொடுக்க வேண்டும். ‘கதாநாயகி பிழைப்பாளா?’ என்ற கேள்வி மனத்தில் விழுந்துவிட்டால், ‘இவள் ஏன் இந்த வீட்டுக்கு வந்தாள்?’ என்ற கேள்வி மறந்துபோகும். அந்த விளம்பரங்கள் செய்ததும் அதுதான். ‘இந்த மண் யாருடையது? அதன் விலையில் யாருக்கு எவ்வளவு?’ என்பதே எழுந்த கேள்வி. அதை எடுத்துவிட்டு, ‘உன் வேலை நிலைக்குமா?’ என்பதை அந்த இடத்தில் வைத்தார்கள். இரண்டாவது கேள்விக்கு மக்கள் சொன்ன பதில் உண்மையான பதில்தான். ஆனால் கேள்வி அவர்களுடையதல்ல. பணத்தால் மனிதனின் பதிலை வாங்குவது கடினம். கேள்வியை மாற்றிவிடுவது சுலபம்.

அந்த நாட்டிலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. குவீன்ஸ்லாந்து மாநிலம் 2022 ஜூலையில் நிலக்கரி ராயல்டியை விலையோடு சேர்த்து ஏறும்படி அமைத்தது. டன் 300 டாலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 40. அப்போதும் கம்பெனிகள் விளம்பரம் செய்தன. ஆனால் முதல் ஆண்டிலேயே 1,500 கோடி டாலருக்கு மேல் மாநிலத்துக்கு வந்தது. பிறகு 50 சென்ட் கொடுத்து பஸ்ஸிலும் ரயிலிலும் போனார்கள் ஜனங்கள். 2024 தேர்தலில் ஆட்சி மாறியது. வெற்றி பெற்ற கட்சியோ, அந்த ராயல்டியைத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் வந்தது. ‘விலை ஏறினால் நம் பங்கும் ஏற வேண்டாமா?’ என்ற கேள்வி அங்கே தன் இடத்திலேயே நின்றது. கையில் டிக்கெட்டை வைத்திருப்பவனிடமிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்குவது எளிதல்ல.

வோட்டு ஆளுக்கு ஒன்று. அதில் அம்பானியும் ஆண்டியும் சமம். குரல் அப்படியல்ல; ஒருவன் குரல் தெருமுனையோடு நிற்கிறது, இன்னொருவன் குரல் ஒரு கோடி வீடுகளின் கூடத்தில் கேட்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டம் முழுவதும் போக்கிவிடாது. யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு சொல்லாமல், அன்றன்றே சொல்ல வைக்கலாம். அது சட்டத்தின் வேலை.

மீதி வேலை நம்முடையது. யாராவது நம்மை அச்சமூட்டும் ஒரு கேள்வியோடு வந்தால், பதில் தேடுவதற்கு முன் ஒன்று செய்யலாம்: இந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் இந்த இடத்தில் எந்தக் கேள்வி இருந்தது என்று திரும்பிப் பார்க்கலாம். அதைக் கண்டெடுத்து, அதற்கும் ஒரு பதில் சொல்லிவிட்டு வோட்டுப் போடுகிறவனின் அபிப்பிராயத்தை, சரியோ தவறோ, அவனுடையது என்று நான் ஒப்புக்கொள்வேன்.