பிள்ளைக்காகத் தீர்மானித்தல்

கோலா கிளாவாங் தோட்டத்துத் தகப்பனார் ஒருவர், பிறவியிலேயே காது கேளாத தம் இரண்டு வயதுக் குழந்தைக்குச் செவியுள் கருவி பொருத்தலாமா என்று கிராணியாகிய என்னை வினவினார். தலைவிதியென்று சும்மாயிராமல் கேட்டாரே, அதுவே பெரிது.

நத்தைபோற் சுருண்ட உட்செவியில் மின்கம்பியைச் செலுத்திக் கேள்வி நரம்பைத் தூண்டுவது இக்கருவி. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1995 முதல் பொருத்தப்படுகிறது. ஆயின் அறுவை முடிந்தவுடன் பேச்சு வந்துவிடாது. ஆண்டுக்கணக்கிற் பயிற்சி வேண்டும். மொழி பதிவது மழலைப் பருவத்திலாதலால், வளர்ந்தபின் பிள்ளையே தீர்மானிக்கட்டும் எனக் காத்திருத்தலும் ஒரு தீர்மானமேயாகும்.

"இது குழந்தைக்காகவா, ஊரார் ஏளனத்துக்கு அஞ்சியா?" என்றேன்.

"இரண்டுக்குந்தான், கிராணி ஐயா."

வைத்தியர் தகுமென்றால் பொருத்துங்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகரித்த மலேசியக் கைமொழியையும் கற்பியுங்கள் என்றேன். கருவியைக் கழற்றிவைத்த இரவில் அக்குழந்தை எதனாற் பேசும்?