கோட்படமும் வினைப்பயனும்

கோள்களின் நிலையை அறிதல் வேறு. அவற்றான் வருமெனப்படும் பயனை அறிதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் பண்டே உளதாயினும், சோதிட மென்பொருள்களில் அசையும் வானப்படம் அமைந்தபின் அது மிகுந்தது. புதுச்சேரிக்குரிய அட்சரேகை ஏறத்தாழ 12 பாகை, தேசாந்தரம் ஏறத்தாழ 80 பாகை எனக் குறித்துக் காலத்தை ஓடவிட்டால், ஓராண்டின் கோட்செலவு சில நொடிகளில் திரையில் நிகழ்ந்து முடியும். சனி முன்செல்லுதலையும் வக்கிரித்துப் பின்னிடுதலையும் கண்டவர், அருகில் எழுதப்பட்ட பலனையும் தம் கண்ணாற் கண்டதாகவே எண்ணி அஞ்சுகின்றனர்.

அளவைவழி ஆராயின் இம்மயக்கத்தின் மூலம் புலனாகும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள், வானத்து மீனை நேரே நோக்குதல் காட்சி. படத்திற் காண்பதோ கணிதத்தாற் பெற்ற கருதல், காட்சிபோலத் தோன்றுவது. வெள்ளி சூரியனைக் கடத்தலைக் காண, லெ ழான்தீ என்னும் பிரெஞ்சு வானநூலார் புதுச்சேரியிற் காத்திருந்தார். 1769 சூன் 4 காலையில் மேகம் மறைத்தது. கணிதம் பொய்க்கவில்லை, காட்சி வாய்க்கவில்லை. திரையிலோ மேகமென்பது இல்லை. ஆகலின் அவ்விரண்டன் வேறுபாடும் மறக்கப்படுகின்றது.

அந்நகரத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனத்திற் பதித்த வாக்கியங்களைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திரகிரகணத்தைக் கணித்தனர். அதன் தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே பிழை நேர்ந்தது. வாரன் என்பார் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலால் இம்முறை அறியப்பட்டது. சோழியைக் கண்டு அதுவே திங்களென மயங்கினார் எவருமிலர். படம் அழகியதாதலால் மயக்குகின்றது.

இனி, வானத்தில் இராசிக்கு எல்லைக்கோடு இல்லை. அது கணிப்போர் வகுப்பது. திருக்கணிதப்படி சனி கும்பம் புகுந்தது 2023 சனவரி 17. வாக்கியப்படி, புதுச்சேரி ஆட்சிப்பகுதியாகிய காரைக்காலைச் சார்ந்த திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா நிகழ்ந்தது 2023 திசம்பர் 20. இடைப்பட்டது பதினொரு திங்கள். பயனைக் கோளே தருமாயின், அப்பதினொரு திங்களும் ஓருயிர் எவ்விராசிக்குரிய துன்பத்தை நுகர்ந்தது? விடை கூறுவாரிலர்.

சித்தாந்தம் இதனைத் தெளிவிக்கும். வினை சடம், தானே சென்று தன் பயனை ஊட்டமாட்டாது. கோளும் தன்வயம் உடையதன்று. முதல்வனது ஆணையே வினைப்பயனை உரிய உயிர்க்கு உரிய காலத்திற் கூட்டும். இது சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து.

‘அற்றேல், கோள்நூல் பயனின்றோ?’ எனின், அற்றன்று. நாழிகைவட்டில் பொழுதைக் காட்டும், பொழுதை ஆக்காது. கோள் அறிகுறியாதல் கூடும், கருத்தாவாதல் கூடாது. சோழியும் படமும் கிரகணத்தையும் விழாநாளையும் அறியத் துணையாவன. ஆளுடையபிள்ளையார் கோளறு பதிகத்தில் கோள்கள் இலவென்று அருளினாரல்லர். அடியார்க்கு அவை நல்லனவாம் என்றே அருளினார். நளன் சனியின் தொடர்பு நீங்கப்பெற்றதும் திருநள்ளாற்று இறைவன் திருமுன்னரே என்பது தலவரலாறு.

இம்மயக்கம் அறிவளவில் நில்லாது, ஒழுக்கத்தையும் கெடுக்கும். திரையிற் கண்ட ஒரு புள்ளியை ஏதுவாக்கி, குணமுடைய பெண்ணை மறுப்பாரும், நோயுற்ற தந்தைக்கு மருந்திடுதலைத் தள்ளிவைப்பாரும் உளர். அவர் அஞ்சியது கோளை, இழந்தது அறத்தை. தள்ளிவைத்த கடமையும் ஒரு வினையே. அதன் பயன் எப்படத்திலும் தோன்றுவதன்று. ஆகலின் கோட்செலவைப் படத்திற் காண்பார் காண்க. கண்டபின் அதனை மூடி, திருநீறணிந்து, செய்யத்தக்கதை அன்றே செய்க. அதுவே சிவன்பால் அன்புடையார்க்கு நன்னாளாவது.

திருச்சிற்றம்பலம்