உறக்கம் துறப்பது அறமா?

மனைவி வாசுகி இறந்தபோது திருவள்ளுவர் பாடியதாக ஒரு தனிப்பாடல் வழங்கிவருகிறது. கணவன் உறங்கிய பின் உறங்கி, அவன் விழிக்கும் முன் எழுந்தவள் என்று அது அவளைப் போற்றுகிறது. பாடல் வள்ளுவருடையதோ அல்லவோ, நல்ல மனைவிக்கு இதுவே அளவுகோல் என்னும் எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றிவிட்டது. உறக்கத்தைத் துறப்பது பெண்ணுக்கு அறமாகுமா என்பது இதனால் எழும் கேள்வி.

கண்விழித்தலைச் சமயம் போற்றுவது உண்மை. சிவராத்திரியின் நான்கு காலமும் விழித்திருப்பது விரதம். வைகுண்ட ஏகாதசி இரவும் அப்படியே. ஆனால் விரதத்துக்கு நாள் குறித்திருக்கிறது, விரும்பியவர் ஏற்கிறார், துவாதசியில் பாரணையோடு ஏகாதசி விரதம் முடிகிறது. நள்ளிரவில் பாத்திரம் கழுவிப் படுத்து, நாலரை மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணின் விழிப்புக்குப் பாரணையே இல்லை. அதைத் தவம் என்பது தவத்துக்கும் இழுக்கு.

மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். சரக சம்ஹிதை உணவு, பிரம்மசரியம் ஆகியவற்றோடு உறக்கத்தையும் உடலைத் தாங்கும் தூணாக எண்ணுகிறது. யோகிக்கே அளவான உறக்கம் வேண்டுமென்றால், இல்லறத்தாளிடமிருந்து அதைப் பறிக்க என்ன நியாயம்?

வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேர உறக்கமாவது தேவை. தூக்கமின்மை ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம். கர்ப்பகால உபாதைகள், கைக்குழந்தையின் அழுகை, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரெனப் பரவும் உடற்சூடு என்று இரவைக் கலைப்பவை பல. இரும்புச்சத்துக் குறைந்தால் படுத்ததும் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு வரலாம். ஆண்டுக்கணக்கில் உறக்கம் குறைந்தால் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைத் துண்டுபட்ட தூக்கம் மேலும் ஆழமாக்குகிறது. அவளைச் சோம்பேறி என்று ஏசுவது கொடுமை.

உடலின் இயல்பு மட்டும் காரணமல்ல. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம்.

வாழ்க்கைத் துணைநலம் கூறும் 56ஆம் குறள், பெண் தன்னைக் காத்துக்கொள்வதை முதலில் வைத்து, கணவனைப் பேணுவதை அதன் பின்னே வைக்கிறது. பரிமேலழகர் அதைக் கற்புக் காவலாகக் கொண்டார். உடலைக் காப்பதும் அதில் அடங்கும் என்று கொள்ளச் சொல் இடம் தருகிறது. இரவுப் பாத்திரங்களை வீட்டார் பங்கிட்டுக் கழுவட்டும். அவள் நேரத்தோடு படுக்கட்டும்.